வெயில் முதலாளி

நிலத்துக்கு முதலாளி உண்டு, மில்லுக்கு முதலாளி உண்டு. நம் புதுக்கோட்டையில் இப்போது வெயிலுக்கும் முதலாளிகள் கிளம்பியிருக்கிறார்கள், தெரியுமோ? மொட்டை மாடியில் சோலார் பலகை, வாசலில் மின்சாரக் கார், கையில் செல்போன், அந்தப் போனில் ஓர் ஆப். இத்தனையும் சேர்ந்த ஆசாமியை எங்கே கண்டாலும் ஒதுங்கிப் போய்விடுங்கள். "என்ன வெயில்!" என்று வாய் தவறிச் சொன்னால் போதும், தன் வீட்டுப் பிள்ளையைப் புகழ்ந்தது போலக் கூச்சப்படுவார்.

திருக்கோகர்ணத்தில் என் பக்கத்து வீட்டு அழகுமலை இந்த இனத்தில் அசல் சரக்கு. பலகையில் நிழல் விழுகிறதென்று வாசல் வேப்பமரத்தை வெட்டினார், மரம் போனதும் வீடு கொதித்தது, கொதித்ததால் ஏசி வாங்கினார், ஏசி ஓட இன்னும் சில பலகை போட்டார், போட்ட கையோடு என் வீட்டுக் கதவைத் தட்டி, "சார், நான் எத்தனை மரத்தைக் காப்பாத்தியிருக்கேன்னு ஆப்புல காட்டுது பாருங்க!" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். காபி கொடுத்து அனுப்பினேன்.

அவர் மனைவி சொர்ணவல்லி படுகிற பாடு இருக்கிறதே! மாவாட்டணுமா? உச்சி வெயிலில். துணி துவைக்கணுமா? மேகம் விலகட்டும். வானம் லேசாக மூடினாலும் மாடியிலிருந்து, "வல்லி, மிக்ஸிய நிறுத்து!" என்று ஒரு கூப்பாடு, பாதி அரைபட்ட சட்னியோடு அந்த அம்மா நிற்பார். ஏன் சார் இப்படி என்றால், "கரியை எரிச்சு வர்ற கரண்டுல கார் ஓட்டுனா அதுவும் புகைதானுங்களே" என்பார் அழகுமலை. நியாயம்தான். இந்த இனத்திடம் பெரிய தொல்லையே அதுதான். பேசுவதெல்லாம் நியாயமாக இருந்து தொலைக்கும்.

போன ஐப்பசியில் அவர் தங்கை செவந்தியின் மகளுக்கு நார்த்தாமலையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கூடப்பிறந்த ஒரே அண்ணன் இவர்தான். நாலைந்து நாளாக அடைமழை, காரில் சார்ஜ் இல்லை. சுவரில் பிளக் இருக்கிறது, பிளக்கில் கரண்டும் இருக்கிறது. சொருகினாரா? "கரி கரண்டா? என் காருக்கா?" ஊஹூம்.

சொர்ணவல்லி சீர்த்தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார். "என்னங்க, பஸ்ஸுல போயிருவோம். செவந்தி ஓயாம போன் போடுது."

"டீசல் பஸ்ஸுலயா? நானா? அந்தா அங்கிட்டு வெளுக்குது பாரு. செத்த நேரத்துல கார்லயே பறந்துரலாம்."

அந்த அம்மா சீர்த்தட்டோடு நேரே போய் பஸ் ஏறிவிட்டார். அழைப்பு எனக்கும் இருந்ததால் நானும் அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

அங்கே ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், நல்ல நேரம் நழுவுகிறது, செவந்தி வாசலையே பார்த்துப் பார்த்துக் கண் கலங்குகிறாள். கடைசியில் தூரத்து மாமன் முறைக்காரர் சந்தனத்தின் மடியில் வைத்துக் குத்தினார்கள்.

பிறகுதான் வெயில் சுள்ளென்று அடித்தது. பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்துக்கு நம்மவர் காரில் வந்து இறங்கினார், முகமெல்லாம் பல்.

"செவந்தி, வண்டி வந்த சத்தமே கேக்கலைல்ல?"

"கேக்கலண்ணே. குத்துறப்ப புள்ள மாமா, மாமான்னு கத்துச்சே, அது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

மனுஷன் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினார். அது சந்தனத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்தீர்களே, உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? அந்தப் பிள்ளைக்கு வலித்திருக்குமே என்று நினைத்தீர்களா, இல்லை, நார்த்தாமலை போய்வர எவ்வளவு சார்ஜ் ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டீர்களா? போட்டீர்கள் என்றால், உங்கள் தங்கையிடம் இப்போதே சொல்லி வையுங்கள், வேறொரு மாமனையும் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.