கேற்றை முட்டிய காற்று

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் வெல்டிங் தெரிந்தவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஆனால், உடைந்த சாமானுக்கு வழக்கு வைத்து, சாட்சி விசாரித்து, தீர்ப்புச் சொன்ன பிறகே அதை ஒட்டுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சாய்ந்தமருதில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஊருக்கு அவர் விசாரணை காக்கா.

"உடைஞ்சத ஒட்டுறது லேசு தம்பி. ஏன் உடைஞ்சதெண்டு தெரியாம ஒட்டினா அது மறுகாவும் உடையும்" என்பது அவருடைய கொள்கை.

கொள்கை நல்லதுதான். அதனால் குடும்பங்கள் பட்ட பாடுதான் கொஞ்சமல்ல. எங்கள் அயல்வீட்டில் இரும்புக் கதிரை ஒன்றுக்குக் கால் ஒட்ட வந்தவர், வீட்டில் இருந்த எல்லோரையும் வரிசையாக நிறுத்தி விசாரித்தார். சீனி வருத்தக்காரரான மாமனார், பகலில் எல்லோரும் கண்ணயரும் நேரம் பார்த்து அந்தக் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்திருந்த தொதல் இனிப்பைத் தின்று வந்த சங்கதி வெளியே வந்தது. கதிரை அன்றைக்கே சரியாகிவிட்டது. மாமனார் இரண்டு கிழமை யாரோடும் கதைக்கவில்லை.

சம்மாந்துறைக்கு அப்பால், வயல்வெளி ஓரமாக எங்களுக்கு ஒரு மாட்டுப் பண்ணை இருக்கிறது. எழுபது வயதிலும் அதற்கு வாப்பாதான் ராசா. ஒவ்வொரு வருடமும் மாரி மழைக்கு முன்னர் ஒரு நாளைத் திருத்த வேலைகளுக்கென்று ஒதுக்குவோம். போன வருடம் அந்த வேலைக்கு விசாரணை காக்காவை என்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வெல்டிங் மெசினை மடியில் பிள்ளைபோல வைத்துக்கொண்டு வந்தார்.

முதலில் தண்ணீர்ப் பம்ப்.

"இதக் கடைசியா நிப்பாட்டின ஆள் ஆரு?"

"நான்தான் காக்கா."

"எப்பிடி நிப்பாட்டினீங்க?"

"சுவிச்ச அமத்தி."

"கோவத்திலயா, சும்மாவா?"

நான் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு மாட்டுக் கொட்டிலின் கூரையில் ஏறி, நசுங்கிய தகரத்தைத் தடவிப் பார்த்து, "குரங்கு. ரெண்டு. ஒண்டு நல்ல பாரமானது" என்று மேலிருந்தே தீர்ப்பளித்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பண்ணை வாசலின் இரும்புக் கேற்றுக்கு வந்தோம். அந்த வருடத்தில் அது வளைந்தது மூன்றாவது தடவை.

"இதுக்கு விசாரணை ஒண்டும் தேவையில்ல" என்றார் வாப்பா. "எல்லாம் இந்தச் சிவப்பிட வேல. நாளைக்கு இறைச்சிக் கடைக்காரன வரச் சொல்லியிருக்கன். குடுத்துத் துலைக்கப் போறன்."

சிவப்பி கொஞ்சம் முரட்டுப் பசுதான். ஆனாலும் தாயில்லாத கன்றாக இருந்தபோது உம்மா போத்தலில் பால் பருக்கி வளர்த்தவள். உம்மா மௌத்தாகி அப்போது இரண்டு வருடம். வாப்பா அதைச் சொன்னபோது சிவப்பி நின்ற பக்கம் திரும்பவில்லை.

விசாரணை காக்கா கேட்பாரா? "குற்றவாளியக் கொண்டாங்க" என்றார். சிவப்பியைப் பிடித்துவந்து கேற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவளுடைய நெற்றி உயரத்தையும் கேற்றின் வளைவையும் கையால் அளந்தார். உள்ளே நின்று பார்த்தார், வெளியே போய்ப் பார்த்தார். கேற் வெளியிலிருந்து உள்பக்கமாக வளைந்திருந்தது. கம்பியை விரலால் தடவினார். விரலில் நீலப் பெயின்ற் தூள்.

மரத்தடியில் உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவும் இழுவைப் பெட்டி நின்றது. நீலப் பெட்டி. அதன் பின் மூலையில் பெயின்ற் உரிந்து இரும்பு தெரிந்தது. தினமும் அதில் புல் ஏற்றி வந்து பின்பக்கமாகக் கேற்றுக்குள் செலுத்துகிறவர் வாப்பா மட்டும்தான்.

காக்கா செருமினார். தீர்ப்புக்கு முந்திய செருமல் அது. "ஹாஜியார்!" என்று வாப்பாவை நோக்கிப் பெரிய குரலில் தொடங்கினார்.

வாப்பா அந்நேரம் அவருக்காகப் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கோப்பைக்குள் விழவில்லை. கோப்பைக்கு இரண்டு விரல் தள்ளி, பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. வாப்பா மிகவும் கவனமாக ஊற்றிக்கொண்டே இருந்தார்.

காக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"காத்து" என்றார்.

"என்ன?" என்றேன் நான்.

"போன கிழம அடிச்ச காத்து. மாட்டுல ஒரு பிழையும் இல்ல, ஹாஜியார்."

போன கிழமை ஓலைகூட அசையவில்லை. வாப்பா பிளாஸ்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஓம் தம்பி" என்றார். "காத்தாத்தான் இருக்கும்."

அன்று பின்னேரம் காக்கா கேற்றை நிமிர்த்தியதோடு நிற்கவில்லை. ஒரு பக்கத் தூணைப் பிடுங்கி, மூன்றடி தள்ளி நட்டு, கேற்றுக்கும் துண்டு போட்டு அகலமாக்கினார். ஏனென்று கேட்டதற்கு, "காத்து தாராளமாப் போய்வர வேணாமா?" என்றார். திரும்பி வரும் வழியில் என் காதுக்குள் சொன்னார்:

"வாப்பாட கண்ண டாக்டருக்குக் காட்டுங்க. அவருக்குக் கண் தெரியாதெண்டு செல்லிப் போடாதீங்க. உங்கட கண்ணக் காட்டப் போறதெண்டு துணைக்குக் கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் வாப்பா இறைச்சிக் கடைக்காரருக்கு ஃபோன் எடுத்து, வரவேண்டாம் என்றார். அடுத்த கிழமை காக்கா சொன்னபடியே செய்தேன். டாக்டர் என்னை விட்டுவிட்டு வாப்பாவின் கண்ணைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் சத்திர சிகிச்சை செய்தார்கள்.

கண்கள் தெளிந்து வெளியே போகலாம் என்று சொன்ன நாளில், பண்ணைக்குத்தான் போகக் கேட்பார் என்று நினைத்தேன். "அவன்ட வெல்டிங் கடைக்கு விடு" என்றார் வாப்பா.

காக்கா அவசரமாக வாங்குப் பலகையைத் துடைத்து வாப்பாவை உட்காரவைத்தார். வாப்பா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய முகத்தையே நெடுநேரம் பார்த்தார்.

"என்ன தம்பி, இவ்வளவு நரைச்சுப் போயிற்றே உனக்கு?"

ஆயிரம் கேள்வி கேட்ட மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, வேலை எதுவும் இல்லாத ஒரு கம்பியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.