தாய்மாமன் பெயர் மீட்ட படலம்

வாழி, பீளமேட்டுக் கிருபாசங்கர்! சிறுவாணி நீர் பருகிச் செழித்தவனே, இருவிரலால் விசைப்பலகையை ஆள்பவனே, எவரிடமும் குரலுயர்த்தாத குணக்குன்றே, உன் வீரம் பாடப் புகுந்தோம். மேற்கே வெள்ளியங்கிரி செவிசாய்க்கட்டும். கீழே மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடைக்காரர் சற்றே சுத்தியலைக் கீழே வைக்கட்டும்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் ஐப்பசித் திங்களில், அந்தக் கடையின் மாடியறையில் மூவர் கூடி 'ஏர்' என்னும் தமிழ் எழுதும் மென்பொருளை ஆக்கிவந்தனர். எவரும் ஓட்டலாம், பழுதென்றால் பிரித்தும் பார்க்கலாம் என்று, மூலநிரலையும் சேர்த்து ஃபிளாப்பி ஃபிளாப்பியாக வாரி வழங்கிய வள்ளல்கள். தலைவன் கிருபாசங்கர். தளபதி, எழுத்துருக்களின் காவலன் அப்துல் நாசர். மூன்றாமவள், அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவளும் பிழை கண்டால் விடாதவளுமாகிய ஜெனிதா.

தங்கையின் கல்யாணப் பத்திரிகையைத் தன் ஏரிலேயே உழுதான் தலைவன். சேமித்தான், மறுபடி திறந்தான். அந்தோ! கடைசி வரியைக் காணோம். அவ்வரியோ, 'தாய்மாமன்: திருமூர்த்தி, வெள்ளகோவில்'. மாமன் பெயர் விட்டுப்போன பத்திரிகை கொங்கு மண்ணில் பத்திரிகையே அல்ல, போர்முரசு. மாமா முறுக்கிக்கொண்டால் முகூர்த்தத்துக்கு வரமாட்டார், அம்மா பந்தலிலேயே அழுவாள். ஃபிளாப்பி அன்று மாலைக்குள் அச்சகம் போயாக வேண்டும்.

ஆயினும் பிழையைக் களையுமுன், பிழையை எங்கே எழுதிவைப்பது என்றொரு பெரும்போர் மூண்டது. இதுநாள்வரை ஜெனிதா துண்டுச்சீட்டில் எழுதிச் சுவராணியில் குத்திவந்தாள். அம்முறை காட்டுமிராண்டி காலத்தது என்று முழங்கி எழுந்தான் நாசர்.

"மெயில்ல போடோணுங்ணா! பிழைக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு மெயில். மலேசியாவுல ஏர் ஓட்டறவரும் பார்ப்பாருங்க!"

சொல்லிவிட்டு, கீழ்க்கடையிலிருந்து இழுத்த தொலைபேசிக் கம்பியில் மோடத்தைப் பூட்டினான். மோடம் கூவியது, கனைத்தது, கரைந்தது. கடிதம் பாதிவழி போகையில் கடைக்காரர் பொள்ளாச்சிக்குப் பேச ரிசீவரை எடுத்தார், இணைப்பு அறுந்தது. மும்முறை ஏவினான், மும்முறையும் கடைக்காரர் எடுத்தார். தளபதி தலைகுனிந்தான்.

அப்போது உருவினான் கிருபாசங்கர் தன் பேராயுதத்தை: நீள நோட்டு! அடிக்கோலால் நான்கு கட்டம் பிரித்திருந்தான். பிழை, கண்டவர், திருத்த வேண்டியவர், முடிந்த தேதி. இரண்டு மணிநேர வாதத்துக்குப்பின் நோட்டே வென்றது. முதற்பிழையாகக் கடைசி வரி ஏறியது. கண்டவர், கிருபாசங்கர். மூன்றாம் கட்டத்தின் வாசலில் படை நின்றுவிட்டது.

திருத்த வேண்டியவர் என்று அடுத்தவர் பெயரை எழுதினால், வேலை ஏவிய மரியாதைக்கேடு. தன் பெயரை எழுதினாலோ, உங்களுக்குத் தெரியாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற மண்டைக்கனம். தட்டில் மிஞ்சிய ஒற்றை பஜ்ஜியைப்போல் பேனா கைமாறிக்கொண்டே இருந்தது.

"நீங்க போடுங்ணா."

"அட, நீங்க போடுங்க நாசர்."

"அம்மணி போடட்டுங்க."

"ஐயோ, நானுங்களா?"

கடிகாரம் நான்கடித்தது. அம்மாவின் அழுத முகம் கண்முன் வர, பிறந்தது முதல் அடக்கிவைத்த சினமெல்லாம் திரண்டெழ, மேசையை ஓங்கி அறைந்து, அண்டம் கிடுகிடுக்க, ஆணிச்சீட்டுகள் படபடக்க, கர்ஜித்தான் கிருபாசங்கர்:

"யாராச்சும் எழுதித் தொலைங்க!"

கர்ஜனையிலும் 'ங்க' விட்டுப்போகவில்லை. ஜெனிதா மெல்ல எழுந்து ஆணியிலிருந்து ஒரு சீட்டை உருவி நீட்டினாள். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

'அண்ணா, ஏர் ரொம்ப நல்லாருக்குதுங்க. இவ்வளவு சுளுவா இருக்கும்னு நெனைக்கவே இல்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, சேமிச்சா கடைசி வரி மட்டும் போயிருதுங்க. அந்த வரிக்கப்புறம் ஒரு எண்டர் தட்டிச் சேமிச்சா போறதில்லீங்க. சிரமமா இருந்தா உட்டுருங்க.'

முதல் இரண்டு வரியை அன்றே படித்திருந்தான் தலைவன். பாராட்டுக் கடிதம் என்று பூரித்து, மீதியைப் படியாமலே ஆணியில் திருப்பிக் குத்தியவனும் அவனே.

"இதைக் காலையிலேயே சொல்லக்கூடாதுங்களா அம்மணி?"

"பெரிய பேச்சுப் பேசிட்டு இருந்தீங்க. குறுக்க எப்படிங்ணா பேசறது?"

நோட்டு வாய்பிளந்து கிடக்க, மோடம் நாணி மௌனிக்க, சுவராணி மட்டும் வெற்றித்தூணென நிமிர்ந்து நிற்க, குலப்பெருமையும் மாமன் மானமும் தாயின் கண்ணீரும் தன் ஒற்றைவிரல் நுனியில் ஊசலாட, இஷ்டதெய்வங்களை எல்லாம் வரிசையாய் வேண்டிக்கொண்டு கணினிமுன் சென்றமர்ந்தான் மாவீரன் கிருபாசங்கர்.

போன வரியை மறுபடி அடித்து, எண்டர் தட்டிச் சேமித்துத் திறந்தான், மாமா பெயர் இருந்தது.