வரி மீன் பெற்ற தங்கக் குஞ்சு

மீனுக்கு உடம்பு சரியில்லை என்று காலண்டர் சீசனில் லீவு போட்ட மனிதர் சிவகாசியிலேயே கலர் மாஸ்டர் ஒருவர்தான். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் எங்கள் அச்சகத்தில் அவர் மை கலப்பவர். நான் பிழை திருத்துபவன். லீவு லெட்டரில் 'வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை' என்றுதான் எழுதியிருந்தார். கல்யாணமே ஆகாதவர் வீட்டில் யார் என்று பதறிய முதலாளி, என்னையும் கூட்டிக்கொண்டு ஆப்பிளும் ரொட்டியுமாகப் போனார்.

"யாருக்குய்யா முடியல?"

"இந்தா இருக்காக, மொதலாளி" என்று கண்ணாடித் தொட்டியைக் காட்டினார் மாஸ்டர். உள்ளே வெள்ளை உடம்பில் கறுப்பு வரி போட்ட ஏஞ்சல் மீன். "துடுப்பு நுனி வெளுத்து அரிச்சுக்கிட்டே வருது. தெனமும் தண்ணி மாத்தணும், கல்லுப்புப் போடணும். இவுகள விட்டுட்டு எப்படி வாறது?"

முதலாளி ரொட்டியை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

துடுப்பு வளர்ந்தது. அந்த மீனும், அதேபோல வரி போட்ட அதன் ஜோடியும் குஞ்சு பொரித்தன. சில வாரம் கழித்து மாஸ்டர் பேயறைந்தவர்போல அச்சகத்துக்குள் ஓடிவந்தார்.

"ஏலே, குஞ்சுல நாலுக்கு ஒண்ணு தங்கக் கலரு! வரியே இல்ல! இருபது வருசமா மை கலக்குதேன், கறுப்பும் வெள்ளையும் சேந்து மஞ்ச வந்ததே இல்லலே!"

மதுரையில் ஒரு வளர்ப்பு மீன் வியாபாரியைப் பிடித்துக் காரணம் விசாரித்த பிறகுதான் ஆறினார்.

அந்தச் சமயத்தில் மெஷின்மேன் மாரியப்பனுக்குப் பெண் பிறந்தது. அவனும் மனைவி செல்வியும் நல்ல கறுப்பு, குழந்தை செக்கச்செவேல். அவன் அம்மா ஏதோ முணுமுணுக்க, காரியாபட்டியில் பிறந்தவீட்டிலிருந்த செல்வியைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டான்.

ஒருநாள் மாஸ்டர் இரண்டு கண்ணாடி ஜாடிகளோடு அவன் முன்னால் வந்து நின்றார்.

"மெஷின நிறுத்துலே. இது அப்பன், இது ஆத்தா. ரெண்டும் வரி. இந்தப் பிள்ளைக தங்கம். ரெண்டு பேரு ரத்தத்துலயும் ஒளிஞ்சு கெடந்த கலரு, சேந்ததும் வெளிய வந்துருச்சு."

"மீனும் மனுசனும் ஒண்ணாண்ணே?" மாரியப்பன் முறைத்தான்.

"ஏலே, என் தொட்டியில வேற ஆம்பளையே கெடையாதுலே!"

அடி விழப்போகிறது என்று நான் ஜாடிகளைப் பிடித்துக்கொண்டேன். மாரியப்பன் குஞ்சுகளையே வெகுநேரம் பார்த்தான்.

"எங்க அப்பத்தா நல்ல செவப்புன்னு சொல்லுவாக..." என்றான் மெதுவாக. கைகூடக் கழுவாமல் காரியாபட்டி பஸ்ஸுக்கு ஓடினான்.

இருக்கன்குடி கோயிலில் குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. செல்விக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. "நீங்கதாண்ணே மடியில வச்சுக்கிடணும்" என்று தாய்மாமன் இடத்தில் மாஸ்டரை உட்காரவைத்தாள். குழந்தை ஒரு நிமிஷம் அழுதது. அவர் சாயங்காலம் வரை அழுதார்.

எனக்கு மூன்று தாய்மாமன்கள். இவரையும் சேர்த்து நாலாக இருந்திருக்கலாம் என்று அன்று தோன்றியது.