ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு யானை

கணபதி, கோவை
செவ்வாய் இரவு

என்மீது என்றும் பாசம் குறையாத சாமியாத்தாள் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் பூஜிதா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்கள், மாமா, செவலை மாடு, போன மாதம் யானை மிதித்ததில் தப்பிய தென்னங்கன்றுகள் எல்லாம் நலமா என்று அறிய ஆசை.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், தொண்டாமுத்தூர் முழுக்கக் கேட்கும். அதனால்தான் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் மன்னிக்கவும். பாதி பயம், பாதி கோபம். யார் மீது என்றால், உங்கள் தம்பி மீது. இந்தக் கடிதம் முடியும்வரை அவரை வேறு எந்தப் பெயராலும் குறிப்பிடப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

போன ஞாயிறு எங்களை ஒரு கணித அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். நானா கேட்டேன்? எட்டாம் வகுப்பில் தொண்ணூற்றொன்று வாங்கினால் "மீதி ஒம்பது எங்க போச்சு?" என்று கேட்கிற மனிதரோடு கணக்கு பார்க்க யாராவது ஆசைப்படுவார்களா? இரட்டைகள் நிதீஷுக்கும் நித்யஸ்ரீக்கும் ஆறு வயதாகிறது, இப்போதே மூளை வளர வேண்டும் என்று உங்கள் தம்பிதான் கிளப்பினார். காந்திபுரத்தில் பஸ் மாறும்போதே நிதீஷ் ஒரு செருப்பை முதல் பஸ்ஸில் விட்டுவிட்டான். ஒற்றைச் செருப்போடு மூளை வளர்க்கப் போனோம்.

அங்கே வாசலிலேயே "எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்" என்று பலகை வைத்திருக்கிறார்கள், அத்தை. அதுதான் முதல் தப்பு. லேத் பட்டறை வைத்திருக்கிறவரிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? உள்ளே சதுரச் சக்கரம் வைத்த ஒரு சைக்கிள் இருந்தது. மேடும் பள்ளமுமாகச் செய்த பாதையில் அது குலுங்காமல் ஓடும், அதுதான் அதன் அதிசயம். உங்கள் தம்பி அதைச் சுற்றி வந்து, "ஏம்மா, இந்தச் சக்கரத்தைப் பட்டறைக்கு அனுப்புங்க, ரவுண்டா கடைஞ்சு குடுத்தர்றேன்" என்றார். அங்கே வழிகாட்டியாக இருந்த ஷைமா அக்கா ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் தம்பியின் சட்டைப் பையில் அளவெடுக்கிற வெர்னியர் இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

அடுத்தது கண்ணாடி அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, ஒருவர் நின்றால் நூறு பேர் தெரியும். இரட்டைகள் உள்ளே ஓடிவிட்டார்கள். அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ரெண்டையே சமாளிக்க முடியலீங்களே, இத்தனையா!" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஷைமா அக்கா பதறிப் போய் உள்ளே நுழைய, அம்மாவும் பின்னால் போனார்; அரை மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. வெளியே நானும் உங்கள் தம்பியும் மட்டும். அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது.

ஒரு மேசையில் சதுரமான மரத்தட்டும் ஆறு கட்டைகளும் இருந்தன. ஆறையும் தட்டுக்குள் படுக்க வைக்க வேண்டும். ஐந்து சுலபமாக உட்கார்ந்துவிடும், ஆறாவது மட்டும் விளிம்பில் இடிக்கும். இதுவரை எட்டு பேர்தான் செய்திருக்கிறார்களாம், அவர்கள் படமெல்லாம் சுவரில் மாட்டியிருந்தது. உங்கள் தம்பி கால் மணி நேரம் முயன்றார். பிறகு தட்டையும் கட்டைகளையும் வெர்னியர் வைத்து அளந்தார். "பூஜி, ஒரு நூல் அதிகமா இருக்குது சாமி" என்றார். ஒரு நூல் என்றால் பட்டறைக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "செஞ்சவன் தப்பா அறுத்துப்போட்டான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, என்ன செய்தார் தெரியுமா? மற்ற மனிதர்கள் பேனா வைத்திருக்கிற இடத்திலிருந்து சின்ன அரம் ஒன்றை எடுத்தார்.

"வேண்டாங்கப்பா, யாராச்சும் பாத்துருவாங்க."

"துப்பட்டாவ விரிச்சு நில்லு கண்ணு. வெயிலடிக்குது."

கூரைக்குக் கீழே, ஏசி அறையில், வெயில்! நான் துப்பட்டாவை விரித்துக்கொண்டு நின்றேன், அத்தை. அதை நினைத்தால்தான் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது. அவர் ராவி முடித்து, தூளை ஊதிவிட்டு, ஆறாவது கட்டையை உள்ளே அழுத்தவும் ஷைமா அக்கா இரட்டைகளோடு வரவும் சரியாக இருந்தது.

"அய்யோ, எப்படிங்ணா செஞ்சீங்க? நானே மூணு நாள் முட்டிக்கிட்டேனுங்க!"

"பட்டறைக் கைங்க அம்மணி. கட்டையப் பாத்தாப் போதும், அதுவே சொல்லிப்போடும்."

"அப்பா சர்க் சர்க்னு தேச்சாருங்க அக்கா. நான் கண்ணாடில பாத்தேன்" என்றாள் நித்யஸ்ரீ.

"கொழந்தைக்குச் சளிங்க. எதையாச்சும் பேசும்" என்றார் உங்கள் தம்பி. ஒன்பதாவது படமாக அவர் படம் சுவரில் ஏறியது. அன்று முதல் இரட்டைகள், எல்லோரிடமும் சொல்லிவிடுவோம் என்று என்னை மிரட்டுகிறார்கள். என் முட்டை, என் கலர் பென்சில், ஜன்னலோரப் படுக்கை எல்லாம் அவர்களிடம் போய்விட்டன.

போன வருடம் டீச்சர் தவறுதலாக எனக்கு இரண்டு மார்க் கூடப் போட்டுவிட்டார், நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதற்கு இதே உங்கள் தம்பி என்னைப் பள்ளிக்கு இழுத்துப் போய், வகுப்பு முழுக்கப் பார்க்க, "நம்மளது இல்லாதது நமக்கு எதுக்கு? சொல்லு" என்று சொல்ல வைத்தார். நான் அழுதுகொண்டே சொன்னேன். அந்த வாய்தான் கட்டை பேசும் என்று சொன்னது!

இத்தோடு போயிருந்தால் நான் பொறுத்திருப்பேன். இன்று சாயந்திரம் ஷைமா அக்கா போன் செய்தார். "நீங்க செஞ்சதுக்கப்புறம் எல்கேஜிப் பசங்க எல்லாம் செஞ்சுபோடறாங்கங்ணா. கட்டை தேஞ்சிருச்சாட்ட இருக்குது. புது செட்டு போட்டுட்டோம். ஞாயித்துக்கிழமை நாலு ஸ்கூல் வருது, நீங்க வந்து மேடையில செஞ்சு காட்டோணும்." இவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் "வாரேனுங்க!" என்றார். உடனே பட்டறை வீதி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அம்மா சட்டைக்குக் கஞ்சி போட்டுவிட்டார். அந்த நாலு பள்ளியில் ஒன்று என் பள்ளி. என் வகுப்பு. என் கணக்கு டீச்சர். மேடையில் அவர் அரத்தை எடுத்தால் நான் எந்தத் துப்பட்டாவை விரிப்பேன்?

அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள். திட்ட வேண்டாம், நான் சொன்னேன் என்று தெரிந்தால் அவ்வளவுதான். ஞாயிறு விடிகாலையில், தோட்டத்துக்குள் யானை புகுந்துவிட்டது, உடனே வா என்று ஒரே ஒரு போன். அக்கா கூப்பிட்டால் மேடையாவது, படமாவது, பஸ் ஏறிவிடுவார். இது பெரிய பொய்யும் இல்லை. மாதம் இரண்டு முறை வருகிற யானைதானே, ஒரு முறை வராமலே வந்ததாக இருக்கட்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். செவலைக்கு ஒரு பிடி தீவனம் என் கணக்கில். உங்கள் காலில் விழுந்து கும்பிடுகிறேன், என்னைக் காப்பாற்றுங்கள்.

இப்படிக்கு,
வெளியே தலைகாட்ட முடியாத உங்கள் மருமகள்,
பூஜிதா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்கக் கூடத்துக்குப் போனேன். விளக்கு எரிந்தது. அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு தட்டு, ஆறு கட்டைகள், எல்லாம் இரும்பு. அன்று எடுத்த அளவை வைத்துப் பட்டறையில் அவரே செய்திருக்கிறார். "எதுக்குங்கப்பா இரும்புல?" என்றேன். "மரம்னா கை தானா அரத்துக்குப் போகுது கண்ணு" என்றார். ஞாயிறு ராத்திரியிலிருந்து அவர் தூங்கவே இல்லையாம். ஐந்து கட்டைகளை நேராக அடுக்குவார், ஆறாவது இடிக்கும், மறுபடி கொட்டுவார். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் தலைக்கேறி, தட்டை ஒரு குத்துக் குத்தினேன். கட்டைகள் எல்லாம் கோணலாகத் திரும்பின. நடுவில் ஓர் இடம் பிறந்தது. ஆறாவது கட்டையை அதில் போட்டேன், ணங்கென்று உட்கார்ந்தது. அப்பா அந்தக் கட்டையை எடுத்து, திரும்ப அதே இடத்தில் போட்டுப் பார்த்தார். பிறகு, "ஒரு நூலும் அதிகமில்ல சாமி. நாந்தான் எல்லாத்தையும் நேராவே வெச்சுட்டு இருந்திருக்கறேன்" என்றார். ஞாயிறு மேடையில் முதலில் அரம் போட்டதைச் சொல்லிவிட்டு, சுவரிலிருந்து படத்தையும் கழற்றச் சொல்லப் போகிறாராம். பக்கத்தில் நான் நிற்க வேண்டுமாம். "துப்பட்டாவ விரிக்க வேண்டாம், சும்மா நில்லு போதும்" என்றார். ஆகவே யானை வேண்டாம் அத்தை. ஆனால் சனி ராத்திரி அப்பாவே உங்களுக்குப் போன் செய்து, "அக்கா, தோட்டத்துக்கு யானை ஏதாச்சும் வந்துச்சுங்களா? நான் வேணா வரட்டுங்களா?" என்று கேட்பார். வந்தே இருந்தாலும், வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.