பின்னர் நிரப்பப்படும்

கன்னியப்பனின் சட்டைப் பையிலிருந்து நழுவிய எலுமிச்சம்பழம், கடலை மண்டியின் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே உருண்டுபோய், முதலாளி சிங்காரவேலுவின் கால் கட்டைவிரலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வேறு நாளாக இருந்தால் சிங்காரவேலு, "டேய், மண்டிக்கு வந்தியா, ஊறுகா போட வந்தியா?" என்று கேட்டிருப்பார். அன்று கேட்கவில்லை. காலை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏம்பா... இது எதுக்கு?"

"தாகத்துக்கு மொதலாளி. மலை ஏறும்போது நாக்கு வறளுது. பாதி அறுத்து வாயில வச்சிக்குவேன்."

"மீதிப் பாதி?"

"மேல போனதும் தூக்கிப் போட்டுடுவேன்."

சிங்காரவேலு குரலைத் தாழ்த்தினார். "எந்தத் திசையில?"

"திசையெல்லாம் பாக்கறது இல்லீங்க."

"செரி, செரி. சொல்ல வேணாம்."

கன்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து வருஷமாக அந்த மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நின்று மூட்டை நிறுத்துக்கொண்டிருக்கிறான். முதலாளி அவனை 'டேய்' என்று கூப்பிடாமல் 'ஏம்பா' என்றது அன்றைக்குத்தான்.

அவன் மலை ஏறிய காரணம் மிகவும் எளிமையானது. அறுபத்து நாலாம் வருஷம் பொங்கலுக்கு மறுநாள் செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர், "இருபத்தைந்து வயதுக்குள் தன் குறிக்கோளைக் கண்டுபிடிக்காதவன், கிணற்றில் சால் கட்டாமல் கவலை ஏற்றம் ஓட்டுகிறவன். மாடும் நடக்கும், கயிறும் இழுபடும், தண்ணீர் மட்டும் வராது!" என்று மேசையைத் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். கன்னியப்பன் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது இருபத்து நாலு, மாதம் மூன்று. இன்னும் ஒன்பது மாதம்தான் பாக்கி.

மறுநாளே கடைத்தெருவில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டான். 4.30 எழுதல். 4.45 பல் துலக்கல். 5.15 ராஜகிரிக் கோட்டை மலை ஏறுதல். 7.00 இறங்குதல். 9.00 மண்டி. மாலை 6.30 நூலகம். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் 'குறிக்கோள்' என்று எழுதி, எதிரில் ஒரு கோடு இழுத்தான். அங்கே என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் யோசித்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு கட்டம் நிரம்பாததற்காக வேலையை நிறுத்துகிற ஆள் அல்ல அவன். 'பின்னர் நிரப்பப்படும்' என்று எழுதிவிட்டு, மறுநாள் நாலரைக்கு எழுந்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கோட்டில் எழுத ஒரு பெயர் அவனுக்குத் தெரியும். தினமும் பன்னிரண்டரை மணிக்கு அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவரும் முதலாளி மகள் ஜானகி. ஆனால் சிங்காரவேலு திண்டிவனத்து எண்ணெய் மில்காரருக்கு அவளைப் பேசிக்கொண்டிருந்தார். மில்காரருக்கு நாற்பது வயது, இரண்டாம் தாரம். ஆனாலும் மில் ஒன்றுக்கு இரண்டு. தராசுக்காரன் ஒருவன் முதலாளி மகளைக் குறிக்கோள் என்று எழுதிவைத்தால் அது அட்டவணை ஆகாது, ராஜினாமாக் கடிதம் ஆகும்.

ஜானகி ஒரே ஒரு முறை அவனிடம் கேட்டிருக்கிறாள். "தினம் மலை ஏறி இன்னா பண்றீங்க?"

"இறங்கறேன்" என்றான் கன்னியப்பன். அது உண்மைதான்.

அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். போன வாரம் அவன் மூட்டைமேல் மறந்து வைத்துவிட்டுப் போன நோட்டை மறுநாள் கேரியரோடு கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "பத்திரமா வச்சிக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

எலுமிச்சம்பழத்தின் மர்மம் அன்று சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் உடைந்தது. அங்கே பூ விற்கும் குஞ்சம்மாளிடம் ஒரு முழம் மல்லி வாங்கினால் ஊர்ச் சேதி இனாம்.

"ஏம்பா கன்னியப்பா, பூதம் எப்டி இருக்குது?"

"எந்த பூதம்க்கா?"

"எங்கிட்ட இன்னாத்துக்கு மறைக்கிற? கோட்டையில பொதையல் காக்கற பூதம்தான். ஊரே சொல்லுதே, நீ விடியக்காலம் போயி எலுமிச்சம்பழம் அறுத்துக் காவு குடுக்கறியாமே!"

கன்னியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராஜாக்கள் புதைத்த பொன் கோட்டைக்கு அடியில் இருக்கிறது, அதைப் பூதம் காக்கிறது என்பதில் செஞ்சியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எந்த இடம் என்பதில்தான் சந்தேகம்.

"அய்யய்யோ! நான் இளமையை வீணாக்கக் கூடாதுன்னு மலை ஏறறேங்க்கா!"

"இளமை எங்க போயிடும் மலைமேல? நல்லா சொல்ற போ!" என்று பூவை அளந்தாள் குஞ்சம்மாள்.

பழம்தானே பிரச்சினை? அதை விட்டுவிட முடிவு செய்தான். சிங்கவரத்தில் வீட்டுக்கு வந்ததும் அம்மா ரத்தினம்மாளிடம் விஷயத்தைச் சொன்னான்.

"அதுக்கு இன்னாடா? ரெண்டு முட்டை அவிச்சித் தரேன், எடுத்துக்கினு போ. ஒடம்புக்கும் தெம்பு" என்றாள் அவள்.

முட்டை தாகத்தைத் தீர்க்கவில்லை. ஆனால் மலைமேல் கிடந்த முட்டை ஓட்டைக் கோட்டைக் காவலாள் பார்த்துவிட்டார். பத்து மணிக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது.

"பழத்துல ஆரமிச்சவன் முட்டைக்கு வந்துட்டான்."

"பூசை முத்திடுச்சி. அடுத்தது சேவல்தான்."

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். கன்னியப்பன் ஏறும் வழியில் மூச்சு வாங்க எங்கெங்கே உட்காருகிறானோ, அங்கெல்லாம் பாறையில் சுண்ணாம்புக் கட்டியால் தேதி போட்டு ஒரு கோடு போடுவான்; எண்ணிக்கை நோட்டில் ஏறும். தை மாதத்தில் ஒன்பது இடத்தில் உட்கார்ந்தவன், வைகாசியில் ஏழு, ஆனியில் நாலு என்று முன்னேறியிருந்தான். ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால், நாலு கோட்டுக்குப் பக்கத்திலும் முழங்கால் ஆழத்துக்குக் குழி.

பதறிப்போனான். மறுநாள் ஈரத்துணி கொண்டுபோய்க் கோடுகளை எல்லாம் துடைத்தான். குழிகளையும் காலால் மண் தள்ளி மூடினான். துடைத்ததை மூன்று பேர் புதருக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள்.

"அடையாளத்தை அழிக்கறான்னா, எடம் மனப்பாடம் ஆயிடுச்சின்னு அர்த்தம்" என்று ஊர் தீர்ப்புச் சொன்னது.

இனி முதலாளியிடமே உண்மையைக் காட்டிவிடுவது என்று கன்னியப்பன் நோட்டை எடுத்துக்கொண்டு போனான். சிங்காரவேலு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.

"ஒம்போது, ஏழு, நாலு... இது இன்னா கணக்கு?"

"நான் குந்தின எடம் மொதலாளி."

"குந்தின எடம்!" என்று சொல்லிக்கொண்டே அவர் அந்த எண்களைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். பிறகு முதல் பக்கத்துக்கு வந்தார். "குறிக்கோள்... பின்னர் நிரப்பப்படும்." நோட்டை மரியாதையாக மூடினார். "அதானே! எவனாவது எழுதி வைப்பானா? நீ கெட்டிக்காரன்பா."

கன்னியப்பனுக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. மலை ஏறுவதையே நிறுத்தினான். நாலரைக்கு எழவில்லை, ஆறரைக்கு எழுந்தான். ராகிக் கூழ் நிதானமாகக் குடித்தான். ஒரே மாதத்தில் கன்னம் உப்பி, முகத்தில் களை வந்துவிட்டது.

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஏறறத நிறுத்திட்டான்."

"அப்போ?"

"அப்போ இன்னா? கெடைச்சிடுச்சி!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிங்கவரத்தில் ரத்தினம்மாள் வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. சிங்காரவேலு வெற்றிலைத் தட்டோடு இறங்கினார். கூடவே அவருடைய மைத்துனர் பெரியதம்பி. பெண் வீட்டார் தாமே வந்து நிற்பதைப் பார்த்து ரத்தினம்மாள் அவசரமாகப் பாயை விரித்தாள்.

"திண்டிவனத்துக்காரருக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்மா. நமக்குள்ள ஒறவு வுட்டுப் போவக் கூடாது பாருங்க. ஜானகியை உங்க கன்னியப்பனுக்குத் தரலாம்னு..." என்றார் சிங்காரவேலு.

கன்னியப்பனுக்குக் காது இரண்டும் சூடேறின. சும்மா இருந்தால் போதும், ஜானகி அவனுக்கு. வாயைத் திறந்தால் ஜானகி திண்டிவனத்துக்கு. தட்டையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லணும். எங்கிட்டப் பொதையல் கெடையாது. ஒரு பொடிக்காசு கூட எடுத்தது இல்ல. எனக்குன்னு இருக்கறது ஒரு சைக்கிள். அதுலயும் பின் டயரு ஒட்டுப் போட்டது. சிங்கவரம் ரங்கநாதர் மேல சத்தியம்."

ரத்தினம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சிங்காரவேலு மெல்லப் பெரியதம்பி பக்கம் திரும்பினார். அவர் கண் பனித்திருந்தது.

"பாத்தியா பெரியதம்பி? சாமி மேல சத்தியம் பண்றப்போ கூட வாயத் தொறக்கல. இப்டி ரகசியம் காக்கற ஆளு கிட்டதான்யா பொண்ணக் குடுக்கணும்!"

"மெய்யாலுமே இல்லீங்க!"

"இல்ல, இல்ல. இல்லவே இல்ல" என்று கண் சிமிட்டினார் சிங்காரவேலு. பிறகு அவன் காதோரம் குனிந்தார். "பத்து வருசத்துக்கு அதத் தொடாதீங்க மாப்ள. சர்க்கார் கண்ணுல படக் கூடாது. அதுவரிக்கும் மண்டியைப் பாத்துக்குங்க."

"நான் சொன்னதை ஜானகி கிட்டயாவது சொல்லிடுங்க. அது ஏமாந்துடக் கூடாது."

மறுநாள் மண்டியில் சிங்காரவேலு சொன்னார்: "சொன்னேன் மாப்ள. நீங்க சத்தியம் பண்ண வரிக்கும் சொன்னேன். 'எனக்கு இவுரே போதும் நைனா'ன்னு சிரிச்சிக்கினே உள்ள போயிட்டா."

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது ஆக இன்னும் முப்பத்தோரு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் காலை புது மாப்பிள்ளையும் பெண்ணும் சிங்கவரம் மலைக்கோயிலுக்குப் போனார்கள். ஜானகி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று படி ஏறினாள். ஒரு மாதத்துக்கும் மேலான ஓய்வில் பழக்கம் விட்டுப்போன கன்னியப்பன் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். பழைய வழக்கத்தில் கை சுண்ணாம்புக் கட்டியைத் தேடியது. சட்டைப் பையில் இருந்தது நோட்டுதான்.

"இன்னும் அதத் தூக்கிக்கினு திரியறீங்களா?"

"மேல் கட்டம் காலியாவே கெடக்குது ஜானகி. இன்னும் ஒரு மாசந்தான் இருக்குது." அவன் நெற்றியைத் துடைத்தான். "அது போகட்டும். நான் உங்கிட்ட நேராச் சொல்லணும். பொதையல் கெடையாது. நான் ஏறினது, எறங்கினது, அவ்ளோதான். உங்க நைனாவ நான் ஏமாத்திட்டேனோன்னு சோறு எறங்க மாட்டேங்குது."

"நீங்கதான் சத்தியமே பண்ணிட்டீங்களே. அவுரு நம்பலன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"இந்தப் பொரளியைக் கெளப்புன ஆளு மட்டும் எங்கையில கெடைக்கட்டும்..."

"கெடைச்சா?"

கன்னியப்பன் முறைப்படி யோசித்தான். அடிக்கலாமென்றால், அந்த ஆள் இல்லாமல் ஜானகி கிடைத்திருக்க மாட்டாள். கும்பிட்டால் பொய்க்குத் துணைபோனதாகும். "அடிக்கறதா கும்புடறதா தெரியல" என்றான்.

"கும்புட்டுடுங்க" என்ற ஜானகி, அவன் கையிலிருந்த நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பிரித்தாள். "குறிக்கோள்னு செவப்பு மையில எழுதிட்டு எதிர்ல 'பின்னர் நிரப்பப்படும்'னு வுட்டிருந்தீங்க. எங்க நைனாவுக்குப் புரியற மாதிரி ஒண்ணை ரொப்பி, நோட்டு எங்கிட்ட இருந்த அன்னிக்கே குஞ்சம்மாக்கா காதுல போட்டு வச்சது நான்தான்."