காய்ச்சல் சாரின் குளிர்ந்த துளைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் முட்டாள். அதுவும் நிலவியலில் பட்டம் வாங்கிய முட்டாள். கோதாவரிப் பக்கம் ஆழ்துளை போட்டு முடித்த அன்று சாயங்காலமே வெப்பமானியை உள்ளே இறக்கி, "சூடே இல்லை" என்று ஹப்சிகுடா ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்பியவன். துளை போடும்போது ஊற்றிய சேற்றுத் தண்ணீர்தான் குளிர்ந்து கிடக்கிறது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"குளிச்சுட்டு ஈரத்தோட வர்றவன் நெத்தியைத் தொட்டுக் காய்ச்சல் இல்லைங்கற டாக்டர்டா நீ. கொஞ்ச வாரம் சும்மா விடு, துளை நிதானத்துக்கு வரட்டும்," என்றார் என் சீனியர் காய்ச்சல் சார்.

பூமிக்குக் காய்ச்சல் பார்ப்பதற்கென்றே பிறந்த ஒரே மனிதர் அவர். நிலத்தடிச் சூட்டில் மின்சாரம் எடுக்க முடியுமா என்று துளை துளையாக அளப்பது எங்கள் பிழைப்பு. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழரான அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா, சந்தேகம்.

அளந்ததை மனதில் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. நாச்சாரம் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு யாரானாலும் பாறைச் சூடு கேட்டுத்தான் இறங்க வேண்டும். சைனிக்புரியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அவர் கொடுத்த கவரில் இருந்தது பென்டிரைவ். "எல்லாத் துளையோட அளவும் இருக்கு. நாலு பேருக்குக் குடு," என்று ஆசீர்வாதம் வேறு.

எங்கள் மேலதிகாரிக்கோ, சூடான துளைகளை மட்டும் எல்லோரும் பார்க்கும் இணையதளத்தில் ஏற்றினால் போதும். "தோத்ததை எதுக்குய்யா ஊருக்குக் காட்டணும்?"

"நக்கோ சார், வேண்டாம்! மறைச்சா, நாளைக்கு இன்னொருத்தன் அங்கேயே வந்து தோண்டுவான்."

காய்ச்சல் சார் கத்திய கத்தலில் கேன்டீன் பையன் டீயைக் கொட்டினான். நான் சிரித்தேன். அவர் கத்திய காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரு கம்பெனி எங்கோ தோண்டி, விஷவாயு வந்ததும் வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டது. அடுத்து வந்த கம்பெனி அதே இடத்தில் துளை போடும் ரிக்கை நிறுத்தியது. அந்த ரிக்கில் வேலை பார்த்த அவர் தம்பி வெள்ளைத்துணியில் வீடு திரும்பினான்.

அந்தக் கத்தல் நடந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் சாருக்கே நுரையீரலில் புற்றுநோய். "சூடே இல்லை" என்று நான் ரிப்போர்ட் அனுப்பிய அந்தக் கோதாவரித் துளையை சிமெண்ட் போட்டு மூட இருந்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே சண்டை போட்டு நிறுத்தினார். "உள்ளே கொதிக்கும்டா, பாரு. போறதுக்குள்ள இது ஒண்ணாவது எனக்குத் தெரியணும்." மறுபடி அளக்க என்னையே அனுப்பினார்.

இந்தத் தடவை துளை நிதானத்துக்கு வந்தபிறகுதான் வெப்பமானியை அங்குலம் அங்குலமாக இறக்கினேன். அடிவரைக்கும் பார்த்தாயிற்று. நிஜமாகவே சூடு இல்லை.

போனை எடுத்தேன். போகிற மனுஷனுக்கு ஒரு துளை கொதித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

"சார்! கொதிக்குது சார்! முட்டை போட்டா வெந்துடும்!"

ஆக்ஸிஜன் குழாயின் இரைச்சலுக்கு நடுவே ஏதோ கரகரத்தது. சிரிக்கிறாரோ என்று நினைத்தேன்.

"ஜில்லுன்னா ஜில்லுன்னே தளத்துல ஏத்துடா."