எமன் கையெழுத்திட்ட தாள்கள்

உலக நாகரிகத்துக்குக் காரைக்கால் ஆற்றிய தொண்டை இதுவரை யாரும் முழுமையாக எழுதவில்லை. எழுதியவர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு நிறுத்திக்கொண்டார்கள். பாரதியார் வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் 'மறுவுலகப் பணத்தாள் சேகரிப்போர் கழகம்' இயங்கிவந்ததை எப்படியோ கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

இறந்துபோன உறவினர்கள் மேலே செலவுக்குத் திண்டாடக்கூடாது என்று சீனர்கள் அதற்கென்றே பணத்தாள் அச்சடித்து, எரித்து அனுப்புகிறார்கள். ஒரு தாளின் மதிப்பு பத்துக் கோடி வரை போகும். நம் ரூபாய்த் தாளில் கவர்னர் கையெழுத்துப் போடும் இடத்தில் எமனே போட்டிருப்பார். நம்முடைய எமன்தான், சீன உடையில். இந்தத் தாள்களைச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் மூலம் தருவித்து, எரியவிடாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காப்பதே எங்கள் 'பண்பாட்டுப் பணி'. தலைவர் குரும்பகரம் தெட்சிணாமூர்த்தி, ஓய்வுபெற்ற அதிகாரி. அவர் ஓய்வுபெற்றாரே தவிர, அவருடைய பச்சை மைப் பேனாவும் வட்ட முத்திரையும் ஓய்வுபெறவில்லை. செயலாளர் நான்.

2007 ஆடி மாதம், கிளிஞ்சல்மேட்டிலிருந்து பங்கஜவல்லி என்ற அம்மாள் மஞ்சள் பையோடு மாடியேறி வந்தார். அவர் கணவர் சிவபாலன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து, முந்தைய வருடம் அங்கேயே மாரடைப்பில் காலமானவர். அவருடைய சீன மேஸ்திரி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கட்டுத் தாள் கொடுத்தனுப்பியிருந்தார்.

"தம்பி மாதிரி இருந்தான், அவனுக்காக எரிச்சிடச் சொல்லுன்னாராம். பாத்தா பணமாட்டம் இருக்கு. நல்ல பணத்தக் கொளுத்திட்டு நிக்கக்கூடாது பாருங்க. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

தலைவர் கட்டைப் பிரித்தார். ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், பிறகு அடுத்ததை. எல்லாத் தாளிலும் எமனின் கையெழுத்து தலைகீழாக அச்சாகியிருந்தது. இப்படி ஒரு பிழைக்காகச் சேகரிப்பாளர்கள் ஆயுள் முழுக்கக் காத்திருப்பார்கள்.

"இது செத்தவங்களுக்குத்தாம்மா செல்லும்" என்றார்.

"அப்ப சரி. ஆடி அமாவாசைக்கு கடற்கரையில படையல் போட்டு எரிச்சிடுறேன். குடுங்க சார்."

"எரிக்கிறதா!" தலைவர் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "அம்மா, இது பொதுச் சொத்து."

"எங்க வீட்டுக்காரருக்குல்ல குடுத்துவிட்டிருக்காங்க?"

"அவரும் பொதுமக்கள்ல ஒருத்தர்தானம்மா."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். ரஷ்ய நாவல்களில் இப்படிப்பட்ட கட்டத்தில் பனி பொழியும். இங்கே திருநள்ளாறு பஸ் போயிற்று.

அந்த அம்மாளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவசரக் கூட்டம் கூட்டினோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: அசல் வரலாற்றுக்கு, நகல் இறந்தவருக்கு. கீழே கடையில் முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுத்தோம். தலைவர் ஒவ்வொரு நகலிலும் முத்திரை குத்தி, 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை மையில் கையெழுத்திட்டார்.

பங்கஜவல்லி ஒரு நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அங்க செல்லுமா?"

"பச்சை மைம்மா. எங்க கொண்டுபோனாலும் செல்லும்."

"சுனாமி நிவாரணத்துக்கு நான் குடுத்த நகல்லயும் பச்சை மைதான் இருந்துச்சு. அசலு எங்க, அசலக் கொண்டான்னுதான் தொரத்துனாங்க. அவரையும் அங்க அப்புடித் தொரத்துனா?"

"மேல அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா."

"நீங்க இருந்த ஆபீசுல கேட்டீங்களா, இல்லையா?"

தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "அது கீழ."

பங்கஜவல்லி நகலை அவரிடமே நீட்டினார். "அப்ப அசலு யாருகிட்ட இருக்குன்னு இதுலயே எழுதிக் குடுங்க. பேரு, வெலாசம் எல்லாம். கேட்டா அவரு காட்டணும்ல?"

விதிகளுக்கு உட்பட்ட, நியாயமான கோரிக்கை. தலைவர் மகிழ்ச்சியோடு எழுதினார். முப்பது வருடப் பழக்கத்தில் அவர் பேனா தானாகவே ஓடியது: 'அசல் என் வசம் உள்ளது. தேவைப்படின் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.' கீழே வீட்டு விலாசம். அடையாளத்துக்கு, பச்சை கேட்.

ஆடி அமாவாசையன்று கழகத்தின் சார்பில் நாங்களும் கடற்கரைக்குப் போயிருந்தோம். பங்கஜவல்லி இலை போட்டு வடை, சுகியன், ஒரு கட்டு பீடி எல்லாம் வைத்தார். சூடத்தைக் கொளுத்தி, நகல்களை ஒவ்வொன்றாக அதில் காட்டினார்.

"ஏங்க, நல்லாக் கேட்டுக்கங்க. இது நகலு. ஒங்க அசலு இந்தா நிக்கிறாரே, தெட்சிணாமூர்த்தி சாரு, இவருகிட்ட இருக்கு. நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. பச்சை கேட்டு. அவரு இல்லன்னாலும் உள்ள போயி உக்காருங்க."

தலைவர் முகத்தில் கடற்காற்றையும் மீறி வேர்த்தது. "அம்மா, அது சும்மா வழக்கமா எழுதுறதும்மா!"

"அவருக்கு அதெல்லாம் தெரியாது சார். எழுதுனா எழுதுனபடி வந்து நிப்பாரு."

மறுநாள் காலை தலைவர் தம் வீட்டுக் கேட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்தார். பிறகு, 'உடல்நிலை காரணமாக' என்ற குறிப்போடு கட்டை என்னிடம் ஒப்படைத்தார். என் உடல்நிலையும் அன்றைக்கே கெட்டது. பொருளாளர் கார்த்திகேசனுக்கு அனுப்பினேன். அவர் அம்பகரத்தூரில் உள்ள தம் மைத்துனருக்கு, விஷயத்தைச் சொல்லாமல், அனுப்பிவைத்தார்.

மீன் கூடையோடு பாரதியார் வீதிப் பக்கம் வரும்போதெல்லாம் பங்கஜவல்லி கீழே நின்று குரல் கொடுப்பார்.

"வந்தாரா?"

"இன்னும் இல்லம்மா."

"வருவாரு. தூரம்ல. இப்புடிப் பயந்து சாவுறதுக்குக் கட்டத் திருப்பிக் குடுத்துடலாம்ல தம்பி?"

"குடுக்கலாம்மா. அதுக்குக் கூட்டம் போட்டுத் தீர்மானம் போடணும். பயந்துகிட்டு யாரும் கூட்டத்துக்கு வரமாட்டேங்கிறாங்க."

இன்றுவரை ஒரு தாளும் சேதமாகவில்லை. உயிரோடிருப்பவர்களுக்கு வருகிற பணம் அவர்கள் கைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள நாட்டில் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. செத்தவர்களைத்தான் யாரும் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர்கள் நாங்கள்.